இரண்டாம் கியர்

தலைகுந்தா பஸ் நிறுத்தத்துக் கழிப்பறைச் சுவரில்
ஒரு செல் நம்பர் இருக்கிறது.
மேலே சிவப்பில்: நரம்புத் தளர்ச்சியா, கவலை வேண்டாம்.
எல்லோரும் அதைப் படிக்காதது மாதிரி
நின்று பெய்துவிட்டுப் போகிறோம்.
நான் ஏழு மாதமாகப் படிக்கிறேன்.
பெண்டாட்டி நம்பர் தெரியாது எனக்கு,
இது மனப்பாடம்.

கல்லட்டி இறக்கம், முப்பத்தாறு வளைவு,
நாளைக்கு நாலு நடை.
இருபத்திரண்டு வருஷம் ஒரே சீட்.
இடது கால் கிளட்சுக்கு, வலது கால் பிரேக்குக்கு,
நடுவில் இருக்கிறது எதுக்கு அண்ணே என்று
கண்டக்டர் செல்வின் ஒருநாள் கேட்டுச் சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும்.

அந்த நம்பருக்கு அடிக்கவில்லை.
ஃபிங்கர்போஸ்ட் தாண்டி, பழைய இரும்புக் கடைக்குப் பின்னால்
ஸ்தேவான் என்று ஒருவர் எண்ணெய் போட்டு நீவிவிடுவார் என்றார்கள்.
முதுகு வலி என்று போய் நின்றேன்.
"முதுகுதானா?"
"முதுகுதான்."
"சரி, முதுகுன்னே வெச்சுக்குவோம்" என்று
அடுப்பில் கிண்ணத்தை ஏற்றினார்.

ஒற்றைக் கம்பி ஹீட்டர். ரப்பர் ஷீட் விரித்த பெஞ்சு.
ஸ்வெட்டர், இன்னொரு ஸ்வெட்டர், சட்டை, பனியன்.
ஊட்டிக்காரன் உரித்து முடிக்கவே
கால் மணி நேரம் ஆகும்.
தைலம் கண்ணைக் கரித்தது.
அதைச் சாக்காக வைத்துக் கொஞ்சம் அழுதேன்.

இடுப்பில் பெருவிரலை ஊன்றினார்.
"இங்க யாரு உக்காந்திருக்கறது?"
சொல்லிப் பார்த்தேன்: எஃப்.சி.க்குக் கட்டவேண்டிய பணம்,
ஒன்பதாம் வளைவில் உருண்டுபோன ஜீப்,
அதன் பக்கத்தில் கிடந்த சின்னச் செருப்பு.
தொடை, அடிவயிறு என்று
சதை சதையாக விசாரித்துக்கொண்டே போனவர்
எல்லோரும் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினார்.

நாலு செவ்வாய்க்கிழமை.
ஐந்தாவதில் நானே கேட்டேன்:
"அண்ணே, அது எழும்புமா?"
துண்டில் கை துடைத்தார், விரல் விரலாக.
"எண்ணெய்க்குத் தெரியாது தம்பி.
எழும்பும்னு சொல்லிக் காசு வாங்கறவன் நம்பர்
செவுத்துல இருக்கு.
நான் முடிச்சு அவுக்கறவன், அவ்வளவுதான்.
பெரியாஸ்பத்திரில போய் சக்கரை பாரு."

முந்நூற்றுப் பதினாலு.
டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொண்டே
வீட்டில் சொன்னீர்களா என்றார்.

தமயந்தி கேரட் மண்டியில் தரம் பிரிக்கிறவள்.
கோணல், பிளவு, சந்தைக்கு ஆவது, மாட்டுக்கு ஆவது,
தொட்டவுடன் தெரியும் அவளுக்கு.
செவ்வாய்தோறும் தைல வாசத்தோடு வருகிறவனை
எந்தக் கூடையில் போட்டிருப்பாள்?
"யாரு அவ?" என்றாள், ரசம் ஊற்றும்போது.
"ஸ்தேவான்."
முதலில் புரியவில்லை. பிறகு சிரித்தாள்,
கரண்டி கீழே விழுந்து
பக்கத்து வீட்டில் லைட் எரிகிற அளவுக்கு.
பிறகு நான் மீதியைச் சொன்னேன்.
ரசம் ஆறிப்போனது.

"என்னச் சலிச்சுப்போச்சுன்னு நெனச்சேன்"
என்றாள் சுவரைப் பார்த்து. "ரெண்டு வருசமா."

இறக்கத்தில் ஒரு போர்டு உண்டு:
இரண்டாம் கியரில் இறங்கவும்.
பிரேக்கை நம்பினவர்கள்தான் கீழே கிடக்கிறார்கள்.
வெளியூர்க் கார்க்காரர்களுக்கு
ஜன்னலில் தலை நீட்டி ஆயிரம் தடவை கத்தியிருக்கிறேன்.

அன்றைக்கு அவளே எண்ணெய் காய்ச்சினாள்.
அளவுக்கு மேல் சூடு. தப்பான இடமெல்லாம் அழுத்தினாள்.
தண்ணீரில் ஊறி வெடித்த உள்ளங்கை, ரம்பம் மாதிரி.
ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதுவதா,
தூங்கிவிட்டேன் என்று எழுதுவதா?
குறட்டை விட்டேனாம்.

மறுநாள், "என் தோள எவன் பாப்பான்?" என்று
குப்புறப் படுத்தாள்.
கூடை தூக்குகிற பக்கம், தோள்பட்டைக்குக் கீழே
பிளம்ஸ் கொட்டை அளவுக்கு ஒன்று.
பெருவிரலை ஊன்றினேன்.
"இங்க யாரு உக்காந்திருக்கறது?"

ஆரம்பித்தாள்.
முதல் நடை ஆறு மணிக்கு.
அவள் இன்னும்
என் தங்கச்சி கல்யாணத்தையே தாண்டவில்லை.